ஓட்டிஸின் ஒப்பந்தத்தை வெட்டியவர்கள்

லண்டனில் வேலை செய்து ஓய்வு பெற்றவர்கள் தங்கள் அனுபவங்களை இனிமையாக எழுதித் தரும்படி எங்கள் தேவாலயப் பங்கு மலர்க்குழு கேட்டிருக்கிறது. என் அனுபவம் இனிமையானதல்ல. அதை இனிமையாக்க எனக்குத் தெரியாது. பிடிக்காவிட்டால் போடவேண்டாம்.

போன மாதம் ஒரு கடையில் விளையாட்டு அட்டை ஒன்றைப் பார்த்தேன். ஒரு ஆட்டக்காரரின் படம். படத்துக்குக் கீழே சின்ன ஜன்னல் மாதிரி வெட்டி, அவருடைய உண்மையான கையொப்பத்தை அதற்குள் வைத்து அடைத்திருந்தார்கள். இந்தக் கையொப்பம் எங்கே இருந்து வந்தது என்று கேட்டேன். "ஏதோ பழைய கடதாசியில் இருந்து" என்றான் கடைக்காரன், விலையைச் சொல்வது போல. அந்தக் கடதாசிகளோடு என் ஆயுளில் பாதி போயிருக்கிறது. அதனால்தான் எழுதுகிறேன்.

நான் மன்னாரில் இருந்து எண்பதுகளின் நடுவில் இங்கே வந்தவள். முதலில் லண்டன் நடுவில் ஒரு கடையைத் துப்புரவு செய்யப் போனேன். பெரிய மனிதர்களின் கையொப்பங்கள், கடிதங்கள், விளையாட்டு ஒப்பந்தங்கள் வாங்கி விற்கும் கடை அது. பேஸ்மென்டில் கிழிந்த கடதாசி திருத்தும் வெள்ளைக்காரி ஒருத்தி இருந்தாள். அவளுக்குக் கை நடுங்கத் தொடங்கியபோது என்னைப் பக்கத்தில் இருத்தினாள். மாலை வகுப்புக்கும் போனேன். அவள் போனபின் மேசை எனக்கு வந்தது. படித்த கதை அவ்வளவுதான்.

வேலையைச் சொல்லவேண்டும். ஒரு ஒப்பந்தம் வந்தால் முதலில் அதை வாசிக்கவேண்டும். பிறகு புரட்டிப் பின்பக்கத்தை வாசிக்கவேண்டும். துருப்பிடித்த கிளிப்பை இழுக்கக்கூடாது. கிளிப்புக்கும் கடதாசிக்கும் நடுவே மெல்லிய பிளாஸ்டிக் தாளைச் செருகி, கிளிப்பைத்தான் விரிக்கவேண்டும். பிறகு ஒவ்வொரு மையிலும் ஒரு புள்ளியை ஈரப் பஞ்சால் தொட்டு, மை பஞ்சுக்கு வருகிறதா என்று பார்க்கவேண்டும். வந்தால் அந்தக் கடதாசிக்குத் தண்ணீர் ஆகாது. அதற்குப் பிறகுதான் மடிப்பு எடுப்பது, கிழிசலுக்குக் கோதுமைப் பசையில் ஜப்பான் தாள் ஒட்டுவது எல்லாம். இதில் ஒன்றைத் தவறவிட்டாலும் திருத்தமுடியாது. எரிந்த சோறு மாதிரி.

அந்தக் காலத்தில் அமெரிக்க வங்கிக்காரர்கள் லண்டனில் நிறைந்திருந்தார்கள். வீட்டு நினைவு வந்தால் அவர்கள் பேஸ்போல் சாமான்கள் வாங்குவார்கள். அதனால் எங்கள் கடைக்குப் பெட்டி பெட்டியாகப் பேஸ்போல் ஒப்பந்தங்கள் வந்தன. எனக்குப் பேஸ்போல் தெரியாது. இன்றைக்கும் தெரியாது. ஆனால் அந்த ஒப்பந்தங்கள் எனக்கு நன்றாகத் தெரியும். ஆட்டக்காரர் குடிக்கக்கூடாது. ஆடக் காலில் போடும் சப்பாத்தை அவரே வாங்கவேண்டும். அணி அவரை எப்போதும் விலக்கலாம், அவர் அணியை விட்டுப் போகமுடியாது. கீழே அணி முதலாளியின் கையொப்பம் அகலமாக, அலட்சியமாக இருக்கும். ஆட்டக்காரரின் கையொப்பம் பள்ளிக்கூடப் பிள்ளை எழுதியது போல அழுத்தமாக, கோட்டை விட்டு விலகாமல் இருக்கும். ஒரு பருவம் ஆடியவர்கள், அரைப் பருவம் ஆடியவர்கள், முழங்கால் உடைந்து ஊருக்குத் திரும்பியவர்கள். பலருக்கு அந்த ஒரு கையொப்பம்தான் முழு விளையாட்டு வாழ்க்கையும்.

மேலே பொதி கட்டும் வேலையில், மனோர் பார்க்கில் குடியிருந்த யோகநாதன் அண்ணை இருந்தார். யாழ்ப்பாணத்துக்காரர். ஒருநாள் ஒரு ஒப்பந்தத்தை அவருக்கு வாசித்துக் காட்டினேன்.

"இது பேஸ்போல் ஒப்பந்தம் இல்லை தங்கச்சி, என்ர கலியாணப் பதிவு" என்றார். "எனக்கு விட்டுப்போக ஏலாது. அவ நினைச்ச நேரம் கலைக்கலாம்."

"அக்காவிட்டச் சொல்லட்டே?"

"சொல்லும். சப்பாத்தும் நான்தான் வாங்கிக் குடுக்கிறன் எண்டும் சேர்த்துச் சொல்லும்."

கடை முதலாளி மிஸ்டர் பெல்லமி. ஒருநாளும் சத்தம் போடமாட்டார். எல்லாரையும் "மை டியர்" என்பார். கைகளை அடிக்கடி கழுவுவார், நகங்கள் பளபளக்கும். ஒரு ஒப்பந்தத்தைக் கையில் கொடுத்தால் மேல் பாதியை உள்ளங்கையால் மூடிக்கொண்டு கீழே மட்டும் பார்ப்பார். "ம்ம்" என்பார். அவ்வளவுதான். அவர் ஒரு கடதாசியைப் புரட்டி நான் கண்டதில்லை. பெரிய பெயரின் கையொப்பம் சின்ன ஆட்டக்காரரின் ஒப்பந்தத்தில் இருந்தால், "கொஞ்சம் சீர் பண்ணுவோம்" என்பார். சீர் பண்ணுவது என்றால் அணி முதலாளியின் கையொப்பத்தை ஒரு பட்டியாக வெட்டி எடுத்து, ஒரு படத்தோடு சட்டம் போடுவது. மிச்சக் கடதாசி குப்பைக்கு. சட்டம் போட்டது சுவரில் அழகாக இருக்குமாம். ஒப்பந்தமாக இருந்தால் வாசிக்கவேண்டி வருமாம்.

நான் மாட்டேன் என்றேன். திருத்தத்தான் வந்தேன், வெட்ட வரவில்லை என்றேன். அவர் கோபிக்கவில்லை. "கட்டாயமில்லை, மை டியர்" என்று சொல்லிவிட்டு, வெட்டும் வேலையை வெளியே ஒருவரிடம் அனுப்பினார். நான் சம்பளத்தை வாங்கிக்கொண்டு இருந்தேன். எனக்கு வீடு, பிள்ளைகள். தோர்ண்டன் ஹீத்தில் இருந்து காலை ரயிலில் நசுங்கி வந்து, மாலை நசுங்கிப் போனேன்.

தொண்ணூறுகளில் ஒரு பெட்டி வந்தது. அமெரிக்காவில் மூடிப்போன ஒரு கறுப்பின அணியின் பழைய காகிதங்கள். வெள்ளையர் அணிகளில் கறுப்பினத்தவரைச் சேர்க்காத காலத்தில் அவர்கள் தங்களுக்கென்று அணிகள் வைத்து ஆடினார்கள். அந்த ஆட்டங்களைப் பத்திரிகைகள் ஒழுங்காக எழுதவில்லை. பலர் கைகொடுத்து வாய்ப்பேச்சில் சேர்ந்தவர்கள். அதனால் எழுத்தில் உள்ள ஒப்பந்தம் மிக அரிது. அந்தப் பெட்டியில் கொஞ்சம் இருந்தன. ஒற்றைத் தாள், இரண்டு பக்கமும் அச்சு. முன்பக்கத்தின் அடியில் அணி முதலாளி ஒப்பமிட்டிருந்தார். பின்பக்கத்தில் விதிகள். விதிகளின் அடியில் ஆட்டக்காரர் ஒப்பமிட்டிருந்தார்.

நான் முதல் எடுத்தவற்றில் ஒன்று ஓட்டிஸ் என்பவருடையது. பின்பக்கத்தில் அவருடைய கையொப்பம் சாம்பல் நிறமாக இருந்தது. மை இல்லை, பென்சில். ஈரப் பஞ்சால் ஒரு புள்ளியைத் தொட்டேன். பஞ்சு ஊதாவாகியது. அந்தக் காலத்தில் கந்தோர் எழுத்தர்கள் பாவித்த அழியாப் பென்சில் அது. உலர்ந்திருந்தால் சாம்பல், ஈரம் பட்டால் ஊதாவாகி ஓடும். ஒரு துண்டுக் கடதாசியில் எழுதி ஒப்பந்தத்தோடு வைத்தேன்: பின்பக்கம் ஆட்டக்காரரின் கையொப்பம், தண்ணீர் படக்கூடாது.

அடுத்த திங்கள் மிஸ்டர் பெல்லமி கீழே வந்தார். "பெட்டியில் ஓட்டிஸ் என்று யாராவது இருக்கிறாரா, மை டியர்?"

எடுத்துக் கொடுத்தேன். மேல் பாதியை உள்ளங்கையால் மூடினார். "ம்ம். முதலாளியின் கையொப்பம். நல்ல கறுப்பு மை." வைத்துவிட்டுப் போய்விட்டார்.

ஏன் கேட்டார் என்று யோகநாதன் அண்ணைதான் சொன்னார். "மேலை ஒரு வயசு போன கறுவல் மனுசன் வந்து நிண்டவர். குரோய்டன் பக்கமாம். சண்டைக் காலத்திலை அமெரிக்கன் ஆமியோட வந்து, இஞ்சையே கலியாணம் கட்டி, ரயில்வேயிலை வேலை செய்தவராம். தான் அந்த ரீமிலை, உம்மடை பெட்டியிலை இருக்கிற அணியிலை, ஆடினதாம். அமெரிக்காவிலை பழைய ஆட்டக்காரற்றை சங்கம் ஒண்டு இருக்காம். இவரைத் தெரியாதாம் அவைக்கு. ஒப்பந்தம் இருந்தாக் காட்டு, லண்டன்காரன்தான் பெட்டியை வாங்கினவன் எண்டு எழுதியிருக்கினம்."

"பெல்லமி என்ன சொன்னவர்?"

"அடுத்த கிழமை வாங்கோ, தேடி வைக்கிறம் எண்டவர். மனுசன் தொப்பியைக் கழற்றி நன்றி சொல்லிப் போட்டுப் போகுது. விரலை நீர் பாக்கோணும். ஒவ்வொண்டும் ஒவ்வொரு திசைக்குப் போகுது. பந்து பிடிக்கிறவராம்."

தேட என்ன இருந்தது? என் மேசையில்தான் கிடந்தது. அன்றைக்கே அந்த மனிதரைக் கீழே கூப்பிட்டுக் காட்டியிருக்கலாம்.

வியாழக்கிழமை மத்தியானம் சாப்பிட்டுவிட்டு வந்தேன். ஓட்டிஸின் ஒப்பந்தம் மேசையில் இல்லை. என் கத்தி இடம் மாறி இருந்தது. துடைத்து வைத்திருந்தது. குப்பைக்கூடையில் நான் எழுதிவைத்த துண்டு கிடந்தது. அதற்குக் கீழே ஒப்பந்தத்தின் மேல் பகுதி கிடந்தது, அடி இல்லாமல். விளிம்பு நேராக இருந்தது. நல்ல கைதான்.

நான் படியேறிப் போனேன். ஒரு வங்கிக்காரருக்கு அவசரமாகச் சட்டம் வேண்டியிருந்ததாம், வெளியே அனுப்ப நேரமில்லையாம், அதனால் தானே சீர் பண்ணினாராம். பட்டி ஏற்கெனவே அட்டையில் ஒட்டியாகிவிட்டது. வெள்ளைப் பசை, ஈரமாக, தாராளமாக.

"அதின் பின்பக்கம் ஓட்டிஸின் கையொப்பம்" என்றேன்.

"அவருடைய பெயர் மேலே தட்டச்சில் இருக்கிறதே. அதை அவருக்குக் கொடுத்துவிடுவோம். சும்மாவே."

"குப்பைக்குள் போட்டதையா?"

"மை டியர், யாருக்கு வேண்டும் அவருடைய கையொப்பம்?"

அந்த வாக்கியத்தை நான் இத்தனை வருடமாக மறக்கவில்லை. அதைச் சொன்னபோதும் அவர் சத்தம் போடவில்லை. நான்தான் போட்டேன். கடையில் நின்ற வாடிக்கையாளர்கள் வெளியே போனார்கள். நான் சொன்ன எல்லாவற்றையும் பங்கு மலரில் எழுத முடியாது.

ஓட்டிஸ் சொன்ன நாளில் வந்தார். கோட், டை, கையில் தொப்பி. மிஸ்டர் பெல்லமி முன்னால் வரவில்லை. நான்தான் மேல் பகுதியைக் கொடுத்தேன். அவர் தன் பெயரை வாசித்தார். அணியின் பெயரை வாசித்தார். பிறகு கடதாசியைப் புரட்டினார். நேராகப் புரட்டினார், எங்கே ஒப்பமிட்டார் என்பது அவருக்கு நினைவிருந்தது. அங்கே விளிம்புதான் இருந்தது.

"மிச்சம்?"

நடந்ததைச் சொன்னேன். அவர் அந்த விளிம்பை விரலால் தடவிப் பார்த்தார். பிறகு, "என் கையொப்பத்தை இப்போதைய கையொப்பத்தோடு ஒப்பிடவேண்டும் என்று எழுதியிருக்கிறார்கள்" என்றார். "அது இல்லாமல் நான் யாரோ ஒரு கிழவன். என் மனைவி உயிரோடு இருந்த வரைக்கும் அவளும் பாதிதான் நம்பினாள். வெளியே போய் உன் பேஸ்போல் பந்தைத் தேடு என்பாள், நான் வீட்டில் இடைஞ்சலாக நின்றால்."

சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

மன்னாரில் பிறந்தேன் என்பதை நிரூபிக்கக் குரோய்டனில் குடிவரவு அலுவலகம் இருந்த அந்த உயரமான கட்டிடத்தில் நான் காத்து இருந்திருக்கிறேன். காகிதம் எங்கே, மூலப் பிரதி எங்கே, இதில் முத்திரை ஏன் மங்கல் என்று கேட்பார்கள். எரிந்த வீட்டில் இருந்து வந்தவளிடம் கேட்பார்கள். அந்தக் கதிரையில் இருந்தபோது வந்த அதே வெப்பம் அன்றைக்கும் என் காதுக்குள் ஏறியது.

அவசரப்பட்ட வங்கிக்காரர் எடுக்க வரவில்லை, சட்டம் இன்னும் கடையில்தான் இருந்தது. வங்கிக்காரருக்கு நானே போன் எடுத்து, பட்டியை அட்டையில் இருந்து பிரிக்க அனுமதி கேட்டேன். மிஸ்டர் பெல்லமி பக்கத்தில் வேண்டாம் என்று கையைக் காட்டிக்கொண்டு நின்றார், நான் முதுகைக் காட்டினேன். வங்கிக்காரர் கெட்டவர் அல்ல. நியூயோர்க் போய்வரும் வரைக்கும் வைத்திருக்கலாம், முன்பக்கத்தில் ஒரு கீறலும் விழக்கூடாது என்றார். அந்த அணி முதலாளி எங்கே பிறந்தார், எந்த ஆண்டு அணியை வாங்கினார், என்ன நிறக் கார் ஓட்டினார் எல்லாம் எனக்குச் சொன்னார். ஓட்டிஸைப் பற்றி ஒன்றும் தெரியாது. கேட்கவும் இல்லை.

இனி வேலை. பசையை இளக்கத் தண்ணீர் வேண்டும். தண்ணீர் பட்டால் பென்சில் ஓடும். எனவே தண்ணீர் இல்லாமல் எடுக்கவேண்டும். பட்டியை முகம் கீழாக ஒரு மென்மையான ஒற்றுத்தாளில் கிடத்தினேன். அட்டையின் முதுகில் இருந்து தொடங்கினேன். அட்டை என்பது பல தாள்கள் சேர்ந்தது. வெங்காயம் உரிப்பது போல ஒவ்வொரு படையாகப் பிரிக்கவேண்டும். வெளிப்படைகள் கையால் வரும். உள்ளே போகப் போக மொட்டைக் கத்தியைப் படுக்கவைத்துச் சுரண்டவேண்டும். பொடி பறக்கும், மூச்சை அடக்கவேண்டும். பக்கவாட்டில் விளக்கு வைத்து, நிழலைப் பார்த்துத் தடிப்பைக் கணிக்கவேண்டும். கடைசிப் படை பசையோடு சேர்ந்தது. அதைச் சுரண்டும்போது ஒரு தும்மல் வந்தால் கதை முடிந்தது.

மற்ற வேலைகளுக்கு நடுவே பல நாட்கள் இதைச் செய்தேன். யோகநாதன் அண்ணை இடைக்கிடை தேத்தண்ணி கொண்டுவந்து தூரத்தில் வைப்பார்.

"வருமே?"

"தெரியாது. அந்தாள் பசையை வாளியாலை ஊத்தியிருக்கிறார்."

"தங்கச்சி, வராட்டி உம்மிலை பிழை இல்லை."

"பிழை ஆரிலை எண்டு எனக்குத் தெரியும், அண்ணை. தேத்தண்ணியை வச்சிட்டுப் போங்கோ."

கடைசிப் படை போனபோது ஊதா தெரிந்தது. எழுத்து இல்லை, மேகம். ஈரப் பசை அன்றைக்கே பென்சிலைக் கரைத்து, பட்டி முழுக்கப் பரப்பிவிட்டது. தொடக்கத்தில் ஒரு வட்டம், அது ஓட்டிஸின் முதல் எழுத்து. கடைசியில் ஒரு வளைவு. நடுவில் ஒன்றும் இல்லை. முன்பக்கத்தில் அணி முதலாளியின் கையொப்பம் புதிதாக இட்டது போல இருந்தது. ஒரு கீறலும் இல்லை.

ஓட்டிஸை வரச்சொல்லிக் காட்டினேன். பூதக்கண்ணாடியால் நெடுநேரம் பார்த்தார். "என் முதல் எழுத்து எனக்குத் தெரியும்" என்றார். "மற்றவர்களுக்குத் தெரியுமா?"

இரண்டு துண்டுகளையும் சேர்த்துப் படம் எடுத்து, வெட்டு விளிம்புகள் பொருந்துகின்றன என்று நானே எழுதி ஒப்பமிட்டுச் சங்கத்துக்கு அனுப்பினோம். பதில் வந்தது. வெட்டி ஒட்டிய பத்திரங்களை ஏற்பதில்லையாம். வியாபாரிகள் இங்கே ஒன்று அங்கே ஒன்று வெட்டிச் சேர்த்து ஏமாற்றுவதால், வெட்டு உள்ள எதையும் நம்பமுடியாதாம். என்ன நியாயம் பாருங்கள். வெட்டுகிறவர்கள் ஒரு பக்கம், வெட்டுகிறவர்களால் நம்பிக்கை கெட்டவர்கள் இன்னொரு பக்கம், நடுவில் ஒப்பமிட்ட மனிதர்.

ஆனால் கடிதத்தின் அடியில் யாரோ கையால் ஒரு போன் நம்பர் எழுதி, "இந்த அணியில் ஆடிய ஒருவர் இன்னும் இருக்கிறார், அவரோடு பேசுங்கள்" என்று குறித்திருந்தார்கள்.

அமெரிக்காவுக்குப் போன் எடுக்கத் தன் வீட்டில் போன் இல்லை என்றார் ஓட்டிஸ். கடைப் போனைக் கொடுத்தேன். மிஸ்டர் பெல்லமி பார்த்தார், தடுக்கவில்லை. என் சத்தத்தை அவர் ஒருமுறை கேட்டிருந்தார்.

அந்தப் பக்கத்தில் பேசியது எங்களுக்குக் கேட்கவில்லை. ஓட்டிஸின் பதில்கள் மட்டும் கேட்டன.

"ஆம், ஐயா. பந்து பிடிப்பேன். ஒரு பருவம்தான்."

"பஸ்ஸா? நீல நிறம். அப்படித்தான் சொன்னார்கள். சேறு பூசியிருக்கும், நிறம் தெரியாது."

"பின்கதவுக்குக் கொளுக்கி இல்லை. புதிதாகச் சேர்ந்தவன் கயிற்றைப் பிடித்துக்கொண்டு நித்திரை கொள்ளவேண்டும். நான் பிடித்தேன். முழுப் பருவமும் நான்தான் பிடித்தேன்."

"இல்லை, ஒருநாள் விட்டுவிட்டேன்."

அந்தப் பக்கத்தில் யாரோ கத்துவது இப்போது எங்களுக்கும் கேட்டது.

"ஓம், ஐயா, கதவு திறந்து ஒரு பெட்டி விழுந்தது" என்றார் ஓட்டிஸ். அவருடைய ஆங்கிலத்தை என் தமிழில் எழுதுகிறேன். அவர் சொன்னது அதுதான். "அது உங்கள் பெட்டியா? கடவுளே. அதற்குள் கோழி இருந்தது. பொரித்த கோழி. நாங்கள் திரும்பிப் போய் எடுத்துச் சாப்பிட்டோம். உங்களிடம் சொல்லவில்லை."

பிறகு இருவரும் நெடுநேரம் சிரித்தார்கள். ஓட்டிஸ் மேசையைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். கண்ணைத் துடைத்தார். தொலைபேசியை வைத்துவிட்டு எங்களைப் பார்த்தார்.

"சங்கத்துக்குத் தானே சொல்வதாகச் சொல்கிறார். அடுத்த ஒன்றுகூடலுக்கு நான் வராவிட்டால் கோழிக்குப் பழிவாங்க லண்டன் வருவாராம்."

அந்தப் பழைய ஆட்டக்காரருக்குக் கோழியே சாட்சி. மூலப் பிரதியை அவர் கேட்கவில்லை. குரோய்டனில் என்னிடம் ஒருவராவது எங்கள் கடற்கரையில் எந்த மாதம் எந்த மீன் படும் என்று கேட்டிருந்தால், நான் அரை மணித்தியாலத்தில் வெளியே வந்திருப்பேன். இதை நினைத்தால் இன்றைக்கும் எரிகிறது.

மிஸ்டர் பெல்லமி முன்னால் வந்தார். ஓட்டிஸின் வளைந்த கையைப் பிடித்துக் குலுக்கினார். "அருமை" என்றார். பிறகு மேசை லாச்சியைத் திறந்து ஒரு வெள்ளைத் தாளையும் தன் நல்ல பேனையையும் எடுத்து வைத்தார். "இப்போது நீங்கள் அங்கீகரிக்கப்பட்ட ஆட்டக்காரர். ஒரு தாளில் பத்துப் பன்னிரண்டு கையொப்பம் இட்டுத் தருவீர்களா? இடைவெளி விட்டு."

அவருக்கு வெட்கம் இருக்கவில்லை. கெட்ட எண்ணமும் இருக்கவில்லை. அதுதான் எனக்குப் பொறுக்கமுடியாமல் இருந்தது.

ஓட்டிஸ் என்னைப் பார்த்தார். "இடைவெளி எதற்கு?"

"வெட்டுவதற்கு" என்றேன்.

அவர் உட்கார்ந்தார். தொப்பியைப் பக்கத்தில் வைத்தார். பேனையைக் குத்துவிளக்குத் திரியைப் பிடிப்பது போல மூன்று விரல்களால் பிடித்தார், மற்ற இரண்டும் மடங்காது. தாளின் இடது மேல் மூலையில் தொடங்கினார். முதல் எழுத்தின் வட்டமே தாளின் கால்வாசியைப் பிடித்தது. அங்கிருந்து மெதுவாக, கோணலாகக் கீழே வந்து, கடைசி வளைவை வலது கீழ் மூலையில் முடித்தார். மை தாளை விட்டு மேசைக்கும் போனது. ஒரே ஒரு கையொப்பம். தாளில் வேறு இடமே இல்லை.

அதை மிஸ்டர் பெல்லமியிடம் கொடுக்கவில்லை. ஊதி உலர்த்தி என்னிடம் கொடுத்தார்.

மிஸ்டர் பெல்லமி எட்டி, என் கையில் இருந்த தாளின் மேல் பாதியை வழக்கம் போல உள்ளங்கையால் மூடப் பார்த்தார். மூடியும் கையொப்பம் வெளியே நின்றது.

பின்னால் பொதிக்குக் கயிறு கட்டிக்கொண்டிருந்த யோகநாதன் அண்ணை தலையை நிமிர்த்தாமல் தமிழில் சொன்னார்:

"இப்ப வெட்டச் சொல்லும் பாப்பம்."